மிதித்துக் கேட்ட பாட்டு

அத்தியாயம் பதினொன்று

சென்ற கிழமை கனிசியஸை எங்கே விட்டோம் என்று மறந்தவர்கள் இருப்பீர்கள். அடுப்பில் உலை, மடியில் பிள்ளை, இதற்குள் ஒரு கதையை எவ்வளவுதான் நினைவில் வைத்திருப்பது! குருநகர்க் கரையோரம், தன் வீட்டு முற்றத்தில், கவிழ்த்து வைத்த வள்ளத்தருகே கிற்றாரும் கையுமாக விட்டோம். மனிதர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்சாரம் இருந்த காலத்தில் குடாநாட்டில் றொக் பாட்டென்றால் கனிசியஸ்தான். மேடைக்கு நடந்து வரமாட்டார். எட்டுப்பேர் ஒரு வள்ளத்தைத் தோளில் சுமந்து வர, அதற்குள் மழைக்கோட்டோடு நின்று கிற்றாரை அடித்தபடி வந்து இறங்குவார். கொளுத்துகிற வெயில் நாளிலும் அந்த மழைக்கோட்டுத்தான். சனம் 'வன்ஸ் மோர்' என்று கத்தினால் பாடமாட்டார். பொக்கற்றுக்குள்ளிருந்து ஒரு கதலி வாழைப்பழத்தை எடுத்து, மேடையிலேயே உரித்துச் சாப்பிட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவார். கிற்றாரின் ஆறு கம்பிகளுக்கும் தன்னுடைய ஆறு மாமிமாரின் பெயரை வைத்திருந்தார். 'எலிசபெத் மாமி இண்டைக்குக் கோவமாய் நிக்கிறா' என்றால், அந்தக் கம்பியைக் கொஞ்சம் இளக்க வேண்டும் என்று அர்த்தம்.

பிறகு மின்சாரம் போனது. கடலுக்குப் போகவும் தடை வந்தது. தொழிலும் இல்லை, பாட்டும் இல்லையென்றான மனிதர், சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். ஒரு வருஷத்துக்கு மேல் மனைவி யசிந்தா பார்த்ததெல்லாம் அவருடைய முதுகைத்தான்.

அந்த முதுகு ஒரு நாள் தானாகவே திரும்பியது. "யசிந்தா, ஒரு கசற் அடிப்பமோ?" என்று கேட்டது. அன்றைக்கு அவள் அழுததையும், சைக்கிள் டைனமோவில் கம்பி இழுத்து ரேப் ரெக்கோடரை ஓடவிட்டு, மகள் றெஜினா மிதிக்க மிதிக்க அவர் பாடியதையும் போன அத்தியாயங்களில் சொல்லியிருக்கிறேன். அம்பிளிபயர் இல்லாததால், கிற்றாரின் அடிப்பாகத்தைக் கவிழ்த்த வள்ளத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு வாசித்தார். வள்ளமே ஸ்பீக்கராகிக் குமுறியது. நெல்லியடியில் றெக்கோடிங் பார் வைத்திருக்கும் கனகலிங்கம் ஜெனரேற்றர் போட்டு, கிடைத்த பழைய கசற்றுகளிலெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்தார்.

கசற் ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. இனித்தான் இந்தக் கிழமைக் கதை.

*

காலையில் யசிந்தா கருவாட்டுக் கடகத்தோடு வெளிக்கிட்டபோது, கனிசியஸ் கிற்றாரை மடியில் கிடத்திக் கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யிறியள்?"

"மாமிமாரை இறக்கிறன்."

"என்னத்துக்கு?"

"சிமியோன் பின்னேரம் வாறான். கரையிலை நிண்டு தூண்டில் போட, சீலா மீன் நைலோனைக் கடிச்சு அறுக்குதாம். தூண்டிலுக்கு மேலை கட்டக் கம்பி வேணுமாம். தாறனெண்டு சொல்லிப்போட்டன்."

யசிந்தா கடகத்தை நிலத்தில் வைத்தாள். "ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

"அருளைக் கேட்டு."

"அருள் அண்ணை உங்கடை கம்பியைக் குடுக்கச் சொன்னவரோ?"

"பூசை முடிய கோயில் வாசல்லை நிண்டு சொல்லியிருக்கிறான். 'கனிசியஸ் பாடேல்லை, கனிசியஸுக்கு ஒப்பாரி வைக்கினம்' எண்டு. செத்தவனுக்குக் கம்பி எதுக்கு?"

அருளென்றால் அருட்பிரகாசம். வள்ளம் கட்டுகிறவர். கனிசியஸைச் சுமந்த வள்ளத்தைக் கட்டியதும் அவர்தான், எட்டுப்பேரில் முன்னுக்கு நின்று தோள் கொடுத்ததும் அவர்தான். ஊரில் முதல் ரசிகர். ஊர் முழுவதும் காறித் துப்பியிருந்தாலும் கனிசியஸ் வாழைப்பழம் சாப்பிட்டிருப்பார். அருள் சொன்னது என்றால் கதை வேறு.

"இந்தா, பிலோமினா மாமி வந்திட்டா," என்று கடைசிக் கம்பியையும் சுருட்டிப் பால்மா ரின்னுக்குள் போட்டார். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டால் சண்டை பிடிக்கலாம். இது அந்தச் சுவர்ப் பக்கக் குரல்.

"இஞ்சை பார், நீ போய் ஒருத்தரிட்டையும் பாட்டு எப்பிடியெண்டு கேக்கக்கூடாது. பிச்சை எடுக்கிற மாதிரி."

"நான் கருவாடு விக்கப் போறன்."

"அப்ப கருவாட்டை மட்டும் வித்துப்போட்டு வா."

படலையடியில் றெஜினா நின்றிருந்தாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை. தகப்பனின் பிடிவாதமும் தாயின் கண்ணும். "அம்மா, பப்பா மெய்யாய்க் குடுத்திடுவாரோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"பின்னேரத்துக்குள்ளை நான் வந்திடுவன். சிமியோன் அதுக்கு முதல் வந்தால் பிடிச்சு இருத்திக் கதை. தேத்தண்ணி குடு. கம்பியோடை மட்டும் விடாதை."

*

செபநாயகத்தின் சலூனில் ஒரு சட்டம் இருந்தது. மூலையில் ஸ்ராண்டில் நிறுத்தி, ரேப் ரெக்கோடருக்குக் கம்பி இழுத்திருந்த சைக்கிளை யார் நன்றாக மிதிக்கிறானோ, அவனுக்குத்தான் அடுத்த வெட்டு. அதனால் தலைமயிர் வெட்ட வந்த பெடியன்களெல்லாம் துரத்தப்பட்டவர்கள் மாதிரி மிதிப்பார்கள்.

யசிந்தா வாசலுக்கு வரும்போது புருஷனுடைய பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 'கவிட்டு வைச்ச வள்ளத்துக்குக் கடல் எந்தப் பக்கம்' என்கிற பாட்டு. ஆனால் குரல்? நுளம்பு பாடுகிற மாதிரி. கிற்றார் கிலுகிலுப்பையாகிவிட்டிருந்தது.

"மச்சான், இது கனிசியஸோ, அவற்றை மகளோ?"

"எனக்கெண்டால் பிடிச்சிருக்கு. நல்லாய் ஆடலாம்."

"இதுக்கு ஆடினால் இடுப்புக் கழரும்."

"அண்ணை, அந்தாள் முந்தி வள்ளத்தாலை குதிச்சு இறங்கினால் நெஞ்சு அதிரும். அது றொக். இது என்ன, கண்டறியாத பாட்டு!"

"பொறு, பொறு, பாட்டு முடிய ஒரு கலியாண வீட்டு மேளம் வரும் பார். பழைய கசற்றிலை அழிபடாமல் கிடந்தது. உதுக்குள்ளை அதுதான் திறம்!"

கடை முழுவதும் சிரித்தது. அப்போதுதான் செபநாயகம் கண்ணாடியில் யசிந்தாவைக் கண்டார். கத்தரிக்கோல் நின்றது. மிதித்த பெடியனும் நிறுத்த, பாட்டு இழுபட்டு, முனகி, அடங்கியது.

"அக்கா... குறை நினையாதேங்கோ. பெடியள் பகிடிக்கு..."

"நினைக்கேல்லைத் தம்பி."

சைக்கிளில் இருந்தவன் இறங்கினான். சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அன்ரி, நான் மூண்டு தரம் கேட்டிட்டன். முழுக்கக் கேட்டன். மூண்டு தரமும் பிடிக்கேல்லை."

"மூண்டு தரமும் நீங்களே மிதிச்சனீங்களோ?"

"ஓம். வேறை ஆர்?"

யசிந்தா அவனுடைய நனைந்த சேர்ட்டைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லத் தெரியாமல், "தண்ணி குடியுங்கோ அப்பன்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

நடக்க நடக்க ஒன்று மட்டும் அவளுக்கு உறுத்தியது. அந்தக் குரல் அவருடையது இல்லை. முப்பது வருஷமாகக் காதுக்குள் கிடக்கிற குரல் அவளுக்குத் தெரியாதா? வீட்டில் கேட்டபோது இப்படி இல்லையே!

*

மீன் விற்கிற செபஸ்தியம்மாவின் வீட்டுக்குள்ளிருந்தும் பாட்டு வந்தது. இங்கே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மருமகள் பலகைக் கட்டையில் இருந்துகொண்டு, ஒரு கையால் ஏணையை ஆட்டி, மற்றக் கையால் பெடலைச் சுற்றினாள். ஏணை வர ஒரு சுற்று, ஏணை போக ஒரு சுற்று. குழந்தை உள்ளே அயர்ந்து உறங்கியது.

"வா பிள்ளை, வா," என்று செபஸ்தியம்மா அவள் கையைப் பிடித்தாள். "உன்ரை மனுசன் நல்லாய் இருக்கவேணும். இந்த அறுவான் பேரன் பிறந்த நாள் தொட்டு எங்களுக்கு நித்திரையில்லை. ஷெல் சத்தத்துக்கும் படுக்கமாட்டான், தாலாட்டுக்கும் படுக்கமாட்டான். இந்தக் கசற்றைப் போட்டால் போதும். மாதாவாணை, ஒவ்வொரு நாளும் கனிசியஸுக்கும் சேர்த்துத்தான் செபிக்கிறன்."

யசிந்தாவின் கண் கலங்கியது. காலையிலிருந்து கேட்ட முதல் நல்ல வார்த்தை. ஆனால் காது சும்மா இருக்கவில்லை. இதுவும் அதே பாட்டுத்தான். சலூனில் நுளம்பாகப் பறந்தது, இங்கே கப்பலின் ஊதுகுழல் மாதிரி இழுத்து இழுத்து முழங்கியது. 'கவிட்டு... வைச்ச...' என்பதற்கும் 'வள்ளம்' என்பதற்கும் நடுவில் ஒரு உலை கொதித்துவிடும்.

அவள் பெடலைச் சுற்றுகிற கையைப் பார்த்தாள். பிறகு ஏணையைப் பார்த்தாள். பிறகு வாயில் கையை வைத்தாள்.

"என்னடி?" என்றாள் செபஸ்தியம்மா.

"அக்கா, இது ஏணைக்குத் தக்கன பாடுது."

"ஓம், அதுக்கென்ன?"

"அங்கை சலூனிலை தலைமயிருக்குத் தக்கன பாடுது! ஐயோ மாதாவே, ஒருத்தரும் அவற்றை பாட்டைக் கேக்கேல்லை அக்கா. ஆளாளுக்குத் தங்கடை கையையும் காலையும்தான் கேட்டிருக்கினம்!"

மிதிக்கிற வேகத்தில்தான் கசற் ஓடும். சரியான வேகம் எது? அது றெஜினாவின் வேகம். பதிவு செய்யும்போது அவள் என்ன வேகத்தில் மிதித்தாளோ, அதே வேகத்தில் மிதித்தால்தான் கனிசியஸ் கனிசியஸாக வருவார். வீட்டில் எப்போதும் அவள்தான் மிதிப்பாள். அதனால் அந்த ஒரு வீட்டில் மட்டும் பாட்டுச் சரியாகக் கேட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை.

றெஜினா மிதிக்கும்போது அவளுடைய உதடு அசைந்துகொண்டிருந்தது யசிந்தாவுக்கு நினைவுக்கு வந்தது. "என்னடி முணுமுணுக்கிறாய்?" என்று அன்றைக்கே கேட்டிருந்தாள். "பப்பா ஒரே சீராய் மிதிக்கச் சொல்லுறார். எண்ணினால் எனக்குப் பிழைக்குது அம்மா. மாதா மன்றாட்டுமாலை சொன்னால் பிழைக்காது," என்றிருந்தாள் மகள். மாதாவின் ஒவ்வொரு பேருக்கும் ஒரு சுற்று. 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்ற மறுமொழிக்கு ஒரு சுற்று.

"பிள்ளை, கொஞ்சம் விலத்து," என்று யசிந்தா பெடலைப் பிடித்தாள். மனதுக்குள் மன்றாட்டுமாலையைத் தொடங்கினாள். கை அந்தத் தாளத்துக்கு வந்தது. ஊதுகுழல் நிமிர்ந்தது. கிற்றார் உறுமியது. பிறகு, அவளுடைய மனுசனின் குரல், அப்படியே, அந்தக் கரகரப்போடு, செபஸ்தியம்மாவின் வீட்டுக்குள் நுழைந்தது.

மறு நிமிஷம் ஏணைக்குள் இருந்து 'வீல்' என்று ஒரு கத்தல்.

"எடி யசிந்தா!" என்று செபஸ்தியம்மா ஓடி வந்தாள். "சரியான பாட்டு எங்களுக்கு வேண்டாமடி! பிழையான பாட்டையே போட்டுவிடு!"

யசிந்தா சிரித்துக்கொண்டே பெடலை மருமகளிடம் கொடுத்தாள். அவசரத்தில் கருவாட்டை அப்படியே செபஸ்தியம்மாவின் குசினியில் விட்டுவிட்டு ஓடியதை, பாதி வழியில்தான் உணர்ந்தாள்.

*

அருட்பிரகாசம் ஒரு பழைய வள்ளத்தின் வெடிப்புகளுக்குப் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தார். யசிந்தாவைக் கண்டதும் நிமிர்ந்தார். கையிலிருந்த உளியைக் கீழே வைக்கவில்லை.

"தங்கச்சி, சண்டைக்கு வந்தால் வந்த வழியாலை போ. நான் சொன்னதைச் சொன்னனான்தான். அவன்ரை முகத்துக்கு முன்னாலையும் சொல்லுவன்."

"அதுக்குத்தான் கூட்டிக்கொண்டு போக வந்தனான் அண்ணை. ஆனால் இன்னொருக்கால் கேட்டிட்டு வாங்கோ."

"கேட்டிட்டன்! இந்த முழங்கால் நோவோடை மிதிச்சு மிதிச்சுக் கேட்டன். விடிய விடிய உத்தரிக்கிற ஆத்துமம் அழுகிற மாதிரிக் கிடக்கு. எங்கடை கனி அப்பிடிப் பாடுறவனோ?"

"அண்ணை, பிழை உங்கடை முழங்காலிலை."

உளி இப்போது கீழே விழுந்தது. "என்ரை முழங்காலுக்கும் உன்ரை புருசன்ரை பாட்டுக்கும் என்னடி சம்பந்தம்?"

"சைக்கிளைக் கவிழுங்கோ, சொல்லுறன்."

அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் கவிழ்த்தார். யசிந்தா நிலத்தில் இருந்து பெடலைப் பிடித்துக்கொண்டாள். "நான் மன்றாட்டுமாலையிலை பேரைச் சொல்லுறன். நீங்கள் மறுமொழி சொல்லுங்கோ."

"பாட்டுக் கேக்கவோ, செபம் சொல்லவோ?"

"ரெண்டுக்கும். சொல்லுங்கோ அண்ணை, நேரமில்லை. சிமியோன் வந்திடுவான்."

அவள் பெயர் சொன்னாள். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றார் அருட்பிரகாசம், முகத்தைச் சுளித்துக்கொண்டு. இன்னொரு பெயர். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." நாலைந்து தரம் போனதும் சுளிப்புப் போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமைக் குரல் வந்துவிட்டது. கை தாளத்தைப் பிடித்துக்கொண்டதும் யசிந்தா வாயை மூடினாள். அவரும் மூடினார். பட்டனை அமுக்கினாள்.

முதலில் வந்தது உறுமல். அடியிலிருந்து, பலகையிலிருந்து வருகிற உறுமல். அருட்பிரகாசம் தலையைச் சாய்த்தார். பக்கத்தில் நின்ற வள்ளத்தின் விலாவில் தானறியாமல் கையை வைத்தார்.

"இது என்ரை வள்ளமெல்லோ!"

"ஓம் அண்ணை. நீங்கள் கட்டின வள்ளம்தான். அதிலைதான் கிற்றாரை அழுத்திக்கொண்டு அடிச்சவர்."

"நான் கட்டின வள்ளத்திலையோ..."

கனிசியஸ் பாடினார். கவிட்டு வைச்ச வள்ளத்துக்குக் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டார். கேட்ட இடத்துக்கு முன்னால்தான் கடல் இருந்தது, போகத்தான் முடியவில்லை. அருட்பிரகாசம் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். தோளிலே கிடந்த துவாயை எடுத்து முகத்தை ஒரு தரம் துடைத்தார். இன்னொரு தரமும் துடைத்தார்.

இரண்டாவது பாட்டுக்குக் காலால் தாளம் போட்டார். மூன்றாவது பாட்டு வந்தது. அது மீன் சந்தையில் ஏலம் கூறுகிற மாதிரி. ஒட்டி, ஓரா, விளை, பாரை என்று பெயர் சொல்லிக் கத்துகிற பாட்டு. துவாய் தோளுக்குத் திரும்பிப் போனது.

"நிப்பாட்டு."

"ஏன் அண்ணை?"

"உது பாட்டோ? உதை அவனிட்டை நேரை கேக்கவேணும். எழும்பு, நட."

*

அவர்கள் படலையைத் திறந்தபோது சிமியோன் ஏற்கனவே வந்திருந்தான். றெஜினா சொன்னபடி இருத்தி வைத்திருந்தாள். மூன்றாவது தேத்தண்ணிக்குப் பிறகு எழும்பியிருந்தான். பால்மா ரின் அவனுடைய கக்கத்தில் இருந்தது. கனிசியஸ் வெறும் கிற்றாரை மடியில் வைத்தபடி வள்ளத்தில் சாய்ந்திருந்தார்.

அருளைக் கண்டதும் அவருடைய முகம் இறுகியது. "செத்த வீட்டுக்கு வந்தனியோ?"

"விசர்க்கதை கதையாதை. மூண்டாவது பாட்டு என்னடா பாட்டு? மீன் கூறுறதுக்கு உனக்குக் கிற்றார் வேணுமோ?"

கனிசியஸ் கண்ணை இடுக்கினார். "மூண்டாவது மட்டுமோ பிடிக்கேல்லை?"

"மற்றதெல்லாம் திறமடா! முதல் பாட்டு..." கை தோளிலிருந்த துவாய்க்குப் போனது. "முதல் பாட்டை விடு. இந்த மூண்டாவது..."

"பொறு. ஒப்பாரியெண்டாய். இப்ப திறமெண்டிறாய். ஆர் மாறினது? நானோ, நீயோ?"

யசிந்தா நடந்ததைச் சொன்னாள். சலூனின் சட்டத்தைச் சொன்னாள், ஏணையைச் சொன்னாள், அருள் அண்ணையின் முழங்காலைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த றெஜினாவின் முகம் வெளிறிப்போனது.

"அப்ப பிழை என்ரைதானே அம்மா? நான் கெதியாய் மிதிச்சிருந்தால்..."

"நீ மாதாவின்ரை வேகத்திலை மிதிச்சிருக்கிறாய்," என்றார் கனிசியஸ். "அதிலை என்ன பிழை? கசற்றுக்கு மேலை நான் எழுதிவிட்டிருக்க வேணும். என்ரை மோட்டு வேலை."

ஆனாலும் அவர் ரின்னைக் கேட்கவில்லை. கிற்றாரின் வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "அருளுக்கு விளங்கிட்டுது. சரி. மற்றச் சனம்? வீடு வீடாய்ப் போய், இப்பிடி மிதியுங்கோ, அப்பிடி மிதியுங்கோ எண்டு சொல்லவோ? ஊர் சிரிச்சது சிரிச்சதுதான்."

யசிந்தாவுக்கு, சலூனில் சொல்லத் தெரியாமல் விட்டது இப்போது வாய்க்கு வந்தது.

"இஞ்சருங்கோ. கரண்டு இருந்த காலத்திலை சனம் ஒரு சுவிச்சைத் தட்டிப்போட்டு உங்களைக் கேட்டது. பிடிக்காட்டிலும் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டு கிடந்தது. இண்டைக்கு ஒரு பெடியனைப் பாத்தன். உங்களைப் பிடிக்கேல்லையாம். பிடிக்கேல்லையெண்டு சொல்லுறதுக்கு மூண்டு தரம் மிதிச்சிருக்கிறான். உடம்பெல்லாம் வேர்வை. அவன் சாப்பிட்டானோ என்னவோ. செபஸ்தியம்மா அக்காவின்ரை மருமகள் பிள்ளை பெத்த உடம்போடை சுத்துறாள். அருள் அண்ணை முழங்கால் வீங்க வீங்க மிதிச்சிருக்கிறார், ஏசுறதுக்காக. திட்டவும் மிதிக்கினம், கேக்கவும் மிதிக்கினம். இப்பிடியொரு சனம் வேறை ஆருக்குக் கிடைக்கும்? நான் வழி முழுக்க அந்தப் பெடியனுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்தனான்."

கனிசியஸ் வள்ளத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கடைசியாக அருட்பிரகாசத்தின் முழங்காலைப் பார்த்தார். அது உண்மையாகவே வீங்கியிருந்தது.

"மூண்டு தரமோ?" என்றார்.

"மூண்டு தரம்."

"பிடிக்கேல்லை எண்டானோ?"

"ஓம். மூண்டு தரமும்."

கனிசியஸின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்புத்தான் என்று கண்டுபிடிக்க யசிந்தாவுக்கு ஒரு கணம் பிடித்தது. "நல்ல பெடியன்," என்றார். பிறகு கையை நீட்டினார். "சிமியோன், ரின்னைத் தா."

"அண்ணை, அப்ப என்ரை சீலா?"

"ஆரும் மாமிமாரைச் சீலாவுக்குக் குடுப்பினமோடா?"

"என்ரை சைக்கிளிலை பிறேக் கம்பி கழட்டித் தாறன், வந்து எடு," என்றார் அருட்பிரகாசம். "ஸ்ராண்டிலை நிக்கிற சைக்கிளுக்கு பிறேக் எதுக்கு?"

சிமியோன் போனான். எலிசபெத் மாமி முதலில் ஏறினா. பிலோமினா மாமி கொஞ்சம் முரண்டு பிடித்தா. ஒவ்வொரு கம்பியும் இறுக இறுக, மூன்றாவது பாட்டைப் பற்றிய சண்டையும் இறுகியது. 'உனக்கு மீனைத் தின்னத்தான் தெரியும், கேக்கத் தெரியாது' என்றார் இவர். 'உனக்கு ரெண்டும் தெரியாது' என்றார் அவர். இந்தச் சண்டைச் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலம்! யசிந்தா குசினி வாசலில் சாய்ந்துகொண்டு, ஒன்றும் செய்யாமல், அதைக் கேட்டபடி நின்றாள். அடுப்பு அணைந்துபோய்க் கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டாள்.

திடீரென்று அருட்பிரகாசம், "திருநாளுக்கு வள்ளத்தைத் தூக்குவம்," என்றார்.

"கரண்டுக்கு எங்கை போறது?"

"சைக்கிள் இருக்கு. ஊரிலை உள்ள சைக்கிள் முழுக்கக் கோயில் வளவுக்குள்ளை நிப்பாட்டுவம். ஒரு அம்பிளிபயர் ஓடாதோ?"

"ஓடும். ஆனால் அத்தினை பேரும் ஒரே வேகத்திலை மிதிக்கவேணும். ஒருத்தன் சலூன் மாதிரி மிதிச்சு, ஒருத்தன் உன்னை மாதிரி மிதிச்சால் அம்பிளிபயர் எரிஞ்சுபோம்."

"எல்லாரும் சேர்ந்து மன்றாட்டுமாலை சொன்னால்..." என்று தொடங்கிய றெஜினா, தான் என்ன சொல்கிறோம் என்று உணர்ந்து நிறுத்திக்கொண்டாள்.

அருட்பிரகாசம் அவசரமாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "றொக் பாட்டுக்கு மன்றாட்டுமாலையோ! சுவாமியார் எங்களைக் கோயிலுக்குள்ளையே விடமாட்டார். அவரிட்டை ஆர் போய்க் கேக்கிறது?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் யசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கிறியள்? அவர் ஏற்கனவே உங்கடை கசற்றைப் பேய்ப் பாட்டெண்டு பிரசங்கத்திலை சொன்னவர். நான் போய்க் கேக்க, ஏலாதெண்டால்?"

கனிசியஸ் கடைசிக் கம்பியைச் சுண்டிப் பார்த்தார். அது சரியாகப் பேசியது.

"ஏலாதெண்டு சொல்ல முதல்," என்றார், "அவரையும் ஒருக்கால் மிதிச்சுக் கேக்கச் சொல்லு."